அப்பாவின் தோள் மச்சம்: வெயிலுக்குக் கறுக்கிறது, மழைக்கு வெளுக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

குளச்சல் கரை | ஆகஸ்ட் 6, இரவு 9.40

அப்பாவுக்கு 57 வயது. விசைப்படகில் தங்கு கடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போகிறவர். வலது தோளுக்குக் கொஞ்சம் கீழே, முதுகுப் பக்கம் ஒரு மச்சம். சின்ன வயதிலிருந்தே இருக்கிறதாம். ஒரே வட்டமாக இருக்காது, ஓரம் கொஞ்சம் வளைந்து நெளிந்திருக்கும். நடுவில் கருப்பு, சுற்றிலும் தவிட்டு நிறம்.

எனக்கு நினைவு தெரிந்து அது ஒரு கணக்கில்தான் நடக்கிறது. மாசி, பங்குனி, சித்திரையில் நன்றாகக் கறுக்கும். படகுத் தளத்தில் சட்டை இல்லாமல் வலை இழுக்கிற ஆள், கறுக்காமல் என்ன செய்யும்? ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருப்பார், வெளியே மழை. மச்சமும் பழையபடி தவிட்டு நிறத்துக்கு வந்துவிடும். "தடை வந்தா மச்சத்துக்கும் லீவு" என்று அம்மா கேலி செய்வார்.

இந்த வருஷம் லீவு எடுக்கவில்லை. தடை முடிந்துவிட்டது, கறுப்பு அப்படியே இருக்கிறது. கீழ் ஓரத்தில் மட்டும் நீலமும் கறுப்பும் கலந்த நிறம், நோட்டில் மை ஊறின மாதிரி வெளியே தள்ளியிருக்கிறது. அம்மா எண்ணெய் தேய்க்கும்போது பார்த்துவிட்டு என்னிடம் காட்டினார். வலி இல்லை, அரிப்பு இல்லை, இரத்தம் இல்லை. "போன சீசன் வெயில் ஜாஸ்தி, ஐப்பசி மழைக்கு வெளுத்துடும்" என்கிறார் அப்பா. எஞ்சின் வேலை முடிந்ததும் அடுத்த வாரம் படகு கிளம்புகிறது.

வெயிலுக்கு மச்சம் நிறம் மாறுவது உண்மையிலேயே உண்டா? மழை வரை பொறுக்கலாமா?

தக்கலை தம்பி | ஆகஸ்ட் 6, இரவு 10.02

வலது தோள் மச்சம் யோகம் என்று எங்கள் பாட்டி சொல்வார். ஆனால் ஓரம் ஓடினால் என்ன பலன் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போட்டிருக்காது அண்ணே. டாக்டரிடம் காட்டிவிடுங்க.

வேப்பமூடு | ஆகஸ்ட் 6, இரவு 11.15

நான் தோல் மருத்துவர். படம் பார்க்காமல், தொட்டுப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் இருக்கிறது.

முதல் கேள்வி: வெயிலுக்கு மச்சம் மாறுமா? மாறும். மச்சம் என்பதே நிறமி செய்கிற செல்கள் ஒரே இடத்தில் கூட்டமாக இருப்பதுதான். புற ஊதாக் கதிர் பட்டால் மற்றத் தோலில் நடப்பது அங்கேயும் நடக்கும். டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கியில் பார்த்தால் நிறமி கூடியிருக்கும், உள்ளே தெரிகிற வலைப்பின்னல் மங்கியிருக்கும், புதுப் புள்ளிகள் தெரியும். 1990-களில் ஜெர்மனியில் மச்சத்தின் பாதியை மூடி, மீதிப் பாதியில் மட்டும் புற ஊதா ஒளியைக் காட்டிப் பார்த்தார்கள். ஒளி பட்ட பாதியில் செல்கள் விழித்துக்கொண்டு, மைக்ராஸ்கோப்பில் ஆரம்ப நிலைப் புற்றோ என்று சந்தேகப்படும் அளவுக்குத் தோற்றம் மாறியது. சில வாரங்களில் அது அடங்கிவிடுகிறது. அதனால்தான் பயாப்சிக்கு, அதாவது எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பும் சீட்டில் "சமீபத்தில் கடும் வெயில் பட்டது" என்று எழுதுவது என் வழக்கம். எழுதாவிட்டால் மறுமுனையில் இருக்கும் பேதாலஜிஸ்ட் வீணாகத் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

இரண்டாவது கேள்வி: பொறுக்கலாமா? வேண்டாம். நான் சொன்னதில் "சில வாரங்கள்" என்பதைக் கவனியுங்கள். உங்கள் அப்பா இரண்டு மாதம் நிழலில் இருந்திருக்கிறார். வெயிலால் வந்த கறுப்பு என்றால் இதற்குள் இறங்கியிருக்க வேண்டும். அதோடு, வெயில் பெரும்பாலும் மச்சத்தை மொத்தமாகத்தான் கறுக்க வைக்கும். ஒரு ஓரத்துக்கு மட்டும் தனி நிறம் கொடுத்து வெளியே தள்ளுவது வெயிலின் வழக்கம் இல்லை.

ஓரம் நெளிந்து, இரண்டு நிறத்தோடு, 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும் மச்சத்தை டிஸ்பிளாஸ்டிக் நீவஸ் என்போம், இயல்பு மாறிய மச்சம். அதில் பெரும்பாலானவை ஆயுசு முழுக்க அப்படியே இருக்கும், ஒன்றும் செய்யாது. மெலனோமா என்கிற தோல் புற்றில் சுமார் 70 சதவீதம் பழைய மச்சத்திலிருந்து வருவதே இல்லை, வெறும் தோலில் புதிதாகக் கிளம்புகிறது. ஆகவே பயப்படச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் ஒரு கணக்கில் நடந்த மச்சம் கணக்கை மீறியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்காகப் பார்க்க வேண்டும். படகு ஏறுவதற்கு முன்னால்.

பனங்காடு | ஆகஸ்ட் 7, காலை 6.50

டாக்டர் சார் கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தாத்தா தை பிறந்தால் ஆடி வரைக்கும் பனை ஏறினவர். இடுப்பில் ஒரு துணி, தலையில் ஒரு தோர்த்து. உடம்பெல்லாம் மச்சம். 84 வயதில் போனார், தோல் வியாதி என்று ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. கடற்கரையிலும் அப்படித்தான். வெள்ளைக்காரனுக்கு வருகிற நோயை எல்லாம் நம்ம ஆட்களுக்கும் ஒட்டவைத்துப் பயமுறுத்துகிறீர்கள். வெயில் நமக்குப் புதுசா?

மார்த்தாண்டம் வாத்தியார் | ஆகஸ்ட் 7, காலை 8.30

இயற்பியல் நடத்துகிறவன் என்பதால் வெயில் பக்கம் மட்டும் பேசுகிறேன்.

"வெயில் காலம், மழைக் காலம்" என்று நாம் சொல்வது சூட்டை வைத்து. புற ஊதாக் கதிருக்குச் சூடு தெரியாது, சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. கன்னியாகுமரி 8 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருஷத்தில் இரண்டு தடவை வருகிறது: ஏப்ரல் 10 வாக்கில் ஒருமுறை, செப்டம்பர் தொடக்கத்தில் ஒருமுறை. நடுவில் இருக்கும் மாதங்களில் அது நமக்கு வடக்கே போய்விடும். ஜூன் மாதம் உச்சிப் பொழுதில் வெளியே நின்று பாருங்கள், நிழல் தெற்கே கடலைப் பார்த்து விழும். பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினால் நம்பவே மாட்டார்கள், பாடப்புத்தகத்தில் நிழல் எப்போதும் வடக்கே விழுவதாகத்தானே படம்!

உச்சிப் பொழுது என்றால் கடிகாரத்தில் 12 மணி இல்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். ஏப்ரலில் நமக்கு 12.20 வாக்கில்தான் உச்சி.

இனி டிசம்பருக்கு வருவோம். மார்கழிக் குளிரில் தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு போகிறோமே, அன்றைக்கும் உச்சியில் சூரியன் சுமார் 58 டிகிரி உயரத்தில் நிற்கிறது. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆளுக்கு நிழல் ஒரு மீட்டரை ஒட்டித்தான் வரும். நிழல் ஆளைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதா பலமாக இருக்கிறது என்பது பொதுவான கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் குறியீட்டில் 6, 7 வந்தால் அதிகம், 8 முதல் 10 வரை மிக அதிகம், 11-க்கு மேல் உச்சம். ஏப்ரலில் நாம் 11-ஐச் சாதாரணமாகத் தாண்டுவோம். டிசம்பரிலும் வானம் தெளிந்திருந்தால் "அதிகம்" என்ற கோட்டுக்குக் கீழே இறங்குவது இல்லை.

மேகம் தடுக்கும் என்று நினைப்பார்கள். மெல்லிய மேகம் என்றால் 80 சதவீதம் வரை கீழே வந்துவிடும். இடவப்பாதியின், அதாவது தென்மேற்குப் பருவமழையின் கருமேகம் வேறு, அது நிஜமாகவே தடுக்கும்.

கருங்கல் டு டப்ளின் | ஆகஸ்ட் 7, மதியம் 1.25

வாத்தியார் சொன்னதைப் படித்ததும் இங்கே டப்ளினுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிசம்பர் உச்சியில் சூரியன் 13 டிகிரிதான். அதே ஆளுக்கு நிழல் ஏழு மீட்டர். ஜூனில் 60 டிகிரி. அதாவது இவர்களுடைய நடுக்கோடையும் நம்ம மார்கழியும் கிட்டத்தட்ட ஒரே உயரம்!

நான் இங்கே தோல் பிரிவில் நர்ஸ். பருவத்துக்கு ஏற்ப மச்சம் மாறுகிறது என்ற பேச்சே இந்த மாதிரி ஊர்களில் பிறந்தது. ஆறு மாதம் கம்பளி உடுப்புக்குள் இருந்த முதுகு, ஜூலையில் ஸ்பெயின் கடற்கரையில் ஒரே வாரத்தில் வெந்து சிவந்து வரும். ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் படுகிற வெயிலைவிட இந்தத் திடீர் வெயில்தான் வெள்ளைத் தோலில் மெலனோமாவோடு அதிகம் சேர்த்துப் பேசப்படுகிறது. சின்ன வயதில் தோல் கொப்புளித்தவர்களுக்கு இன்னும் அதிகம். இயல்பு மாறிய மச்சம் ஐந்து இருந்தால், ஒன்றுகூட இல்லாதவரைவிட ஆபத்து ஆறு மடங்கு என்ற கணக்கும் முக்கியமாக அவர்களைப் பார்த்துப் போட்டதே. அதை எடுத்துக் குளச்சல் மீனவர் முதுகில் அப்படியே வைத்தால் சரிவராது. அந்த வகையில் பனங்காடு அண்ணாச்சி பேச்சில் நியாயம் இருக்கிறது.

இங்கே மெலனோமா கண்டுபிடிப்பதும் கோடையில்தான் கூடும். வெயில் ஒரு காரணமாக இருக்கலாம், உடுப்பைக் கழற்றுவது இன்னொரு காரணம். பார்த்தால்தானே தெரியும்.

குளச்சல் தம்பிக்கு ஒன்று: உங்கள் அப்பா மச்சத்துக்குப் பருவத்தை வானம் கொடுக்கவில்லை, தடை உத்தரவு கொடுத்திருக்கிறது. சட்டை இல்லாத பத்து மாதம், கூரைக்குக் கீழே இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் ஒரு நல்ல பரிசோதனை. அதில் மச்சம் தேறவில்லை. டாக்டர் சொன்னபடி செய்யுங்கள்.

சின்னமுட்டம் | ஆகஸ்ட் 7, மாலை 5.10

எங்களுக்கு நேர் எதிர். ஒரே மாவட்டம்தான், ஆனால் நாங்கள் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருகிறோம். தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வாத்தியார் சொன்ன உச்சி வெயில் அப்படியே தடைக்காலத்தில் விழுகிறது. ஆட்கள் வீட்டுக்குள்ளேயா இருக்கிறார்கள்? மணலில் உட்கார்ந்து வலை பொத்துகிறார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், எல்லாம் சட்டை இல்லாமல். எங்கள் அண்ணனுக்குக் கழுத்து மச்சம் தடைக்காலத்தில்தான் கறுக்கும். கடலுக்குப் போனால் படகில் தார்ப்பாய் நிழலாவது உண்டு.

மணவை மணல் | ஆகஸ்ட் 7, இரவு 8.45

எல்லோரும் வெயிலையே பேசுகிறீர்கள். மணவாளக்குறிச்சி கருமணலில் கதிர்வீச்சு இருக்கிறதே, அதை யாரும் தொடவில்லையே? மச்சம் மாறுவதற்கு அதுதான் காரணம் என்று எங்கள் பக்கம் உறுதியாகச் சொல்கிறார்கள்.

மார்த்தாண்டம் வாத்தியார் | ஆகஸ்ட் 7, இரவு 9.30

கருமணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது, அதிலிருந்து காமாக் கதிர் வருகிறது. உண்மை. ஆனால் அது புற ஊதா மாதிரி தோலோடு நிற்கிற கதிர் இல்லை, உடம்பைத் துளைத்துக்கொண்டு போகிறது. தோள் மச்சத்தை மட்டும் தேடிப் பிடித்துக் கறுக்க வைக்க அதற்கு ஒரு காரணமும் இல்லை, மாசியில் கூடி ஆனியில் குறையவும் இல்லை. மணல் வருஷம் முழுக்க அங்கேயேதான் கிடக்கிறது.

இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் பல்லாயிரம் பேரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. மணல் எடுப்பதைப் பற்றி வேறு சண்டைகள் நிறைய உண்டு, அதற்குத் தனி இழை போடுங்கள். நானும் வருகிறேன்.

வேப்பமூடு | ஆகஸ்ட் 7, இரவு 10.40

பனங்காடு அண்ணாச்சிக்கு: உங்கள் தாத்தா மச்சம் பற்றி நீங்கள் சொன்னது பெரிய அளவில் சரிதான். நம் தோலில் இருக்கிற நிறமியே பெரிய குடை. இந்தியர்களுக்கு மெலனோமா அபூர்வம். ஆனால் வருகிறபோது எங்கே வருகிறது தெரியுமா? உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி, சில நேரம் வாய்க்குள். வெயிலே எட்டிப் பார்க்காத இடங்கள். "வெயிலுக்குக் கறுத்தது" என்ற சமாதானம் நம் ஊரில் இரண்டு வகையில் கெடுதல் செய்கிறது. முதுகில் உள்ளதை மழை வரட்டும் என்று தள்ளிப்போட வைக்கிறது. காலில் உள்ளதைப் பார்க்கவே விடுவதில்லை. முள் குத்தின கறுப்பு, செருப்புக் கடித்த கறுப்பு என்று வருஷக் கணக்கில் போகும். ஆறாத புண்ணாகி வந்து நிற்கும்போது கை நழுவியிருக்கும்.

வெயில் நம்மை ஒன்றும் செய்யாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதன் அடி கண்ணில் விழுகிறது. கரையோர ஊர்களில் நாற்பது வயது தாண்டினவர்களின் கண்ணைப் பாருங்கள். மூக்குப் பக்கத்து வெள்ளை விழியிலிருந்து ஒரு சதை முக்கோணமாகக் கருவிழியை நோக்கி வளர்ந்திருக்கும். புற ஊதாவுக்கும் அதற்கும் நெருங்கிய உறவு உண்டு. கண்புரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலை நுரை 25 சதவீதம், காய்ந்த மணல் 15 சதவீதம் புற ஊதாவைத் திருப்பி அனுப்பும் என்பதால் தொப்பி போட்டாலும் கீழேயிருந்து கண்ணுக்கு வருகிறது. உங்கள் தாத்தாவுக்குக் கண் எப்படி இருந்தது?

பனங்காடு | ஆகஸ்ட் 8, காலை 6.35

கடைசிப் பத்து வருஷம் பார்வை சரியில்லை. கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போவோம். வயசு என்று நினைத்தோம்.

குளச்சல் கரை | ஆகஸ்ட் 8, காலை 10.20

அப்பா கொஞ்சம் இறங்கி வந்துவிட்டார், இப்போது பெரியப்பா குறுக்கே நிற்கிறார். "கத்தி பட்டால் பரவிடும்லே, சும்மா கிடக்கிறதைக் கிண்டாதே" என்கிறார். அவருக்குத் தெரிந்த ஒருவருக்கு மச்சத்தை வெட்டின பிறகுதான் புற்று வந்ததாம். அதற்குப் பதில் சுண்ணாம்பு வைத்துக் கரைத்துவிடலாம் என்று யோசனையும் சொல்கிறார்.

முட்டம் அக்கா | ஆகஸ்ட் 8, காலை 10.55

இதையே நானும் கேட்க நினைத்தேன். பார்லரில் மெஷின் வைத்து மச்சத்தைப் பொசுக்கி எடுக்கிறார்களே, அது பரவாயில்லையா? என் தங்கை கல்யாணத்துக்கு முன்னால் கன்னத்தில் உள்ளதை எடுக்கப் போகிறேன் என்கிறாள்.

வேப்பமூடு | ஆகஸ்ட் 8, மதியம் 2.30

கத்தி பட்டுப் புற்று பரவாது. அந்த ஆளுக்கு வெட்டும்போதே புற்றாக இருந்திருக்கும், வெட்டினதால்தான் தெரியவந்திருக்கும். முந்தினது எது, பிந்தினது எது என்பதில் வருகிற குழப்பம் இது.

சுண்ணாம்பு, பார்லர் மெஷின், குதிரை மயிரால் கட்டுவது: மூன்றிலும் எனக்கு ஒரே ஆட்சேபம். மேலே உள்ள நிறம் போய்விடும், வேர் இருந்துவிடும், சோதனைக்கு அனுப்பச் சதை மிஞ்சாது. பிறகு அந்தத் தழும்பில் கறுப்பு திரும்ப முளைத்தால் அது பழைய மச்சமா, புற்றா என்று மைக்ராஸ்கோப்புக்கே குழப்பம் வரும். தங்கச்சியின் கன்னத்தில் இருப்பது மச்சம்தானா என்பதே முதலில் தெரிய வேண்டும். நம் ஊர்ப் பெண்களுக்குக் கன்னத்தில் வரிசையாக வருகிற சின்னக் கறுப்பு உண்ணிகள் பெரும்பாலும் மச்சமே இல்லை, அதைப் பயமில்லாமல் எடுக்கலாம். டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு.

குளச்சல் தம்பி, உங்கள் அப்பாவுக்கு நடக்கப்போவது பெரிய ஆபரேஷன் இல்லை. மரத்துப்போக ஊசி, மச்சத்தைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலோடு சேர்த்து முழுசாக எடுப்பது, நாலைந்து தையல். ஓரத்தை மட்டும் சுரண்டி எடுக்க யாராவது சொன்னால், முழுசாக எடுக்க முடியுமா என்று கேளுங்கள். தோள், முதுகுத் தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை வலை இழுக்கக் கூடாது. தோளை வீசி இழுக்கிற வேலையில் தையல் பிய்ந்துவிடும். அந்த ஒரு தங்கலுக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர் | ஆகஸ்ட் 8, மாலை 4.00

மூலிகை எண்ணெய் விற்கும் இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. மச்சத்தின் படங்களைப் பொதுவில் ஏற்ற வேண்டாம்.

குளச்சல் கரை | ஆகஸ்ட் 27, இரவு 8.15

பலர் தனிச்செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன். எடுத்தாயிற்று. டெர்மோஸ்கோப் வைத்துப் பார்த்த டாக்டர் ரொம்ப நேரம் பேசவே இல்லை, அப்பா முகம் அப்போதுதான் மாறியது. அன்றைக்கே எடுத்து பாட்டிலில் போட்டுச் சோதனைக்கு அனுப்பினார்கள். நேற்று ரிப்போர்ட் வந்தது: டிஸ்பிளாஸ்டிக் நீவஸ், நடுத்தர மாறுதல், புற்று இல்லை, வெட்டின ஓரங்கள் சுத்தம்.

பெரியப்பா "நான்தான் ஒண்ணும் இல்லேன்னு சொன்னேனே" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அப்பா படகு ஏறிவிட்டார், சட்டையோடு. எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம்.

இனி என்ன கவனிக்க வேண்டும் டாக்டர்?

வேப்பமூடு | ஆகஸ்ட் 27, இரவு 10.05

நல்ல செய்தி. ஓரம் சுத்தமாக இருந்தால் நடுத்தர மாறுதலுக்குத் திரும்ப வெட்ட வேண்டியது பெரும்பாலும் வராது. தழும்பையும் மற்ற மச்சங்களையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள்.

வீட்டில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் தடைக்காலக் கடைசி வாரத்தில் முதுகு, மார்பு, கை, கால், உள்ளங்கால் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். சந்தேகமான மச்சம் பக்கத்தில் ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை வைத்து எடுங்கள், ஜன்னல் வெளிச்சத்தில், ப்ளாஷ் இல்லாமல். ஒரு வருஷம் சித்திரையிலும் அடுத்த வருஷம் ஆடியிலும் எடுத்தால் வெயில் நிறமும் நிஜ மாற்றமும் கலந்து குழப்பும். அதற்காகத்தான் ஒரே மாதம் என்று சொல்கிறேன். சின்னமுட்டம் ஆட்கள் தங்கள் தடைக்காலத்தில் எடுக்காதீர்கள், கார்த்திகை மழையில் எடுங்கள்.

ஒரு ஆளின் மச்சங்கள் பொதுவாக ஒரே சாயலில் இருக்கும். கூட்டத்தில் சேராமல் தனித்துத் தெரிகிறது எதுவோ, அதைத்தான் முதலில் காட்ட வேண்டும். இந்த மாதிரி மச்சம் குடும்ப வழியில் வரும் என்பதால் உங்கள் முதுகையும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். நாற்பதுக்கு மேல் புதிதாக முளைக்கும் மச்சத்தைக் கொஞ்சம் சந்தேகமாகவே பாருங்கள்.

தக்கலை தம்பி | ஆகஸ்ட் 28, காலை 7.20

சன்ஸ்கிரீன் வாங்கிக் கொடுக்கலாமா அண்ணே? ஆஸ்திரேலியாவில் தினமும் போட்டவர்களுக்கு மெலனோமா பாதியாகக் குறைந்தது என்று படித்தேன்.

கருங்கல் டு டப்ளின் | ஆகஸ்ட் 28, காலை 11.40

அந்த ஆய்வு உண்மைதான், ஆனால் அது குவீன்ஸ்லாந்து வெள்ளைக்காரர்களுக்கு. நடுக்கடலில் வியர்வையிலும் உப்புத் தண்ணீரிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யார் கிரீம் பூசப் போகிறார்கள்? அந்தக் காசுக்கு அடர்த்தியாக நெய்த முழுக்கைச் சட்டை இரண்டும், பக்கவாட்டை மூடுகிற கறுப்புக் கண்ணாடி ஒன்றும் வாங்குங்கள். கண்ணாடிதான் முதலில். வெண்புள்ளி உள்ளவர்கள், பிறவியிலேயே நிறமி இல்லாதவர்கள் கதை வேறு. அவர்களுக்குக் கிரீம் கட்டாயம்.

ரப்பர் தோட்டம் | ஆகஸ்ட் 29, இரவு 7.50

குலசேகரம் பக்கம். என் அம்மா ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர். விடியுமுன் கிளம்பினால் மரத்து நிழலிலேயே வேலை, வெயில் மேலே படுவதே அபூர்வம். அதனால் இந்த இழை நமக்கில்லை என்று நினைத்துக்கொண்டுதான் படித்தேன். உள்ளங்கால், நகம் என்று டாக்டர் எழுதியதைப் பார்த்ததும் அம்மா காலைப் பார்த்தேன். இடது பெருவிரல் நகத்தில் அடியிலிருந்து நுனி வரை ஒரு கறுப்புக் கோடு. எப்போதும் மருதாணி போடுவார், அதில் தெரியாமலே இருந்திருக்கிறது. மருதாணி வளர்ந்து போன அடிப்பக்கத்தில்தான் கோடு தெளிவாகத் தெரிகிறது. "வாளி விழுந்தது" என்கிறார். எப்போது என்று கேட்டால் நினைவில்லை.

வேப்பமூடு | ஆகஸ்ட் 29, இரவு 9.20

நகத்தில் கறுப்புக் கோடு நம் நிறத்துக்காரர்களுக்குச் சாதாரணமாகவே வரும், பெரும்பாலும் பல நகங்களில், மெல்லிசாக. ஒரே நகத்தில், அதுவும் பெருவிரலில், 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக, அடியில் அகன்று நுனியில் குறுகி இருந்தால், அல்லது கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலிலும் படர்ந்திருந்தால் காட்ட வேண்டும். வாளி விழுந்து இரத்தம் கட்டினது என்றால் நகம் வளர வளர முன்னால் நகர்ந்து, அடியில் சுத்தமான நகம் வரும். கால் பெருவிரல் நகம் முழுசாக மாற ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், ஆனால் நகர்கிறதா என்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். பாப் மார்லிக்கும் கால் பெருவிரலில்தான் தொடங்கியது. பந்து விளையாடிப் பட்ட அடி என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டார்கள். 1977-இல் கண்டுபிடித்தார்கள், 1981-இல் 36 வயதில் இறந்துபோனார்.

ரப்பர் தோட்டம் | ஆகஸ்ட் 30, காலை 6.10

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், நாலு மில்லிமீட்டர் இருக்கிறது. தோலில் இருக்கிறதா இல்லையா என்று மருதாணிச் சிவப்பில் தெரியவில்லை. அடிப்பக்கம் சுத்தமாக இல்லை. நாளைக்கு வெட்டு கிடையாது, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். அம்மாவுக்கு வேறு கவலை. அடுத்த வாரம் பேத்திக்கு நிச்சயதார்த்தம், இன்று சாயங்காலம் மருதாணி அரைக்கிறார்கள். போடக்கூடாது என்றால் கேட்க மாட்டார்.

முட்டம் அக்கா | ஆகஸ்ட் 30, காலை 6.40

காலையிலேயே வரிசைக்குப் போய்விடுங்க தம்பி. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு, சுகர் மாத்திரைச் சீட்டு இருந்தால் கையோடு எடுத்துக்கோங்க.

வேப்பமூடு | ஆகஸ்ட் 30, காலை 7.05

கை நிறையப் போட்டுக்கொள்ளட்டும். காலுக்கு மட்டும் நாளை மதியம் வரை வேண்டாம் என்று சொல்லுங்கள்.